நெட்டையர்களுக்கு எந்த ரோலர் கோஸ்டர் பொருந்தும்?

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. புறப்படுமுன் சிறு பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, 125 சென்டிமீட்டர் எட்டிவிட்டார்களா என்று அளப்போம். கைப்பந்து ஆடி 190-ஐத் தாண்டி வளர்ந்த என் அக்காள் மகனை யாரும் அளப்பதில்லை. ஆனால் உலகின் பல ரோலர் கோஸ்டர்களில் மேல் வரம்பும் உண்டு. எழுதிவைத்திருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் 195 முதல் 200 சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

காரணம் இரண்டு. ஓடும் வண்டியிலிருந்து கையையோ காலையோ நீட்டினால் தூணிலோ குகைச் சுவரிலோ படக்கூடாது. அந்த இடைவெளியை ஓர் உடல் அளவை வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். இரண்டாவது, உடலைப் பிடித்துவைக்கும் காப்புத் தண்டு. இருக்கைக்கு இருக்கை வேறுபாடு தெரிவது இதில்தான்.

யூனிவர்சலில் அருகருகே ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இரட்டை ரோலர் கோஸ்டர்களையே எடுத்துக்கொள்வோம்: ஒன்று சைலான், மற்றது ஹியூமன். சைலான் தண்டவாளத்துக்குக் கீழே தொங்குகிறது. கால்கள் அந்தரத்தில் ஆடும், வண்டி தலைகீழாகச் சுழலும், காப்பு தோள்வழியே இறங்கும். ஹியூமன் தண்டவாளத்தின் மேலே ஓடுகிறது. தலைகீழ்ச் சுழற்சி இல்லை, மடியின்மேல் இறங்கும் மடித்தண்டுதான் பிடிக்கிறது. இரண்டுக்கும் கீழ் வரம்பு ஒன்றே, 125 சென்டிமீட்டர். நெட்டையருக்கோ இரண்டும் ஒன்றல்ல. முதுகு நீண்டவருக்குத் தோள்காப்பு கீழே இறங்காமல் தோளிலேயே முட்டி நிற்கும். பூட்டிக்கொண்டாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் தோள்பட்டையை இடிக்கும். மடித்தண்டுக்கு முதுகின் நீளம் பொருட்டில்லை. ஆனால் தொடை நீண்டவருக்கு முன்பக்கம் முழங்கால் இடிக்கலாம். அந்த ஒன்றில் மட்டும், முன்னால் எதுவும் தடுக்காத தொங்கும் வண்டி மேல்.

ஆகவே மொத்த உயரத்தைவிட உட்கார்ந்த உயரமே முக்கியம் என்பேன். 190 சென்டிமீட்டர் உள்ள இருவரில் ஒருவர் கால் நீண்டவராகவும் மற்றவர் முதுகு நீண்டவராகவும் இருக்கலாம். பலகையில் எழுதிய எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் நுழைவாயிலிலேயே ஒரு மாதிரி இருக்கை வைத்திருக்கிறார்கள். ஆர்லாண்டோவின் ஹல்க் கோஸ்டரிலும் அப்படித்தான். உட்கார்ந்து காப்பை இழுத்துப் பூட்டிப் பார்த்துவிட்டு வரிசையில் சேரலாம். வெயிலில் நெடுநேரம் காத்து நின்ற பிறகு, எல்லார் முன்னிலையிலும் ஓர் இளைஞனை இறக்கிவிடுவதைவிட இது எவ்வளவோ கண்ணியமானது. எல்லாப் பூங்காவிலும் இது வரவேண்டும்.

அதற்காக எண்ணைத் தூக்கி எறிய முடியாது. மாதிரி இருக்கை காப்பின் பொருத்தத்தைத்தான் சொல்லும். பாதையில் கைக்கு எட்டும் தூரத்தில் தூண் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 195 என்று எழுதியிருந்தால் 197 உள்ளவர் வாதாடாமல் விலகுவதே சரி. கீழ் வரம்பில் குழந்தைக்காகக் கெஞ்சும் பெற்றோருக்கும் இதையேதான் சொல்வேன்.

அக்காள் மகனுக்கு நான் சொல்லியிருப்பது இதுதான்: முதலில் ஹியூமன். அதில் முழங்காலுக்கு இடம் இருந்தால் நிம்மதியாகப் போய் வா. சைலான் ஏற விரும்பினால், வரிசையில் சேருமுன் ஊழியரிடம் உன் உயரத்தைச் சொல்லிக் கேள். ஏறியபின் காப்பு முழுவதுமாகப் பூட்டவில்லையென்றால் மூச்சை அடக்கி உடம்பைக் குறுக்காதே, இறங்கி வந்துவிடு.