கண்ணாடி ஏறவில்லை என்றால் முதலில் பீடிங்கைப் பாருங்கள்: பவர் விண்டோவோடு பத்தாண்டு

காரின் பின் இடது ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது, மோட்டார் போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள், மாற்றிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாலு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. 2013 மாடல் ஹேட்ச்பேக், நான்கு கதவிலும் பவர் விண்டோ, கேபிள் வகை ரெகுலேட்டர் (மோட்டார் சுற்றுவதைக் கண்ணாடி ஏறி இறங்குவதாக மாற்றும் அமைப்பு) என்ற கணக்கில் எழுதுகிறேன். பெரும்பாலான சின்ன கார்களுக்கு இது பொருந்தும்.

மோட்டாரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காரில் இருக்கும் முரட்டு உழைப்பாளிகளில் அது ஒன்று. உள்ளே காந்தம், ஆர்மேச்சர் என்ற சுழலும் கம்பிச்சுருள், அதற்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ், அவ்வளவுதான். ஆர்மேச்சர் தண்டின் நுனியில் திருகுபோல் வெட்டிய வார்ம் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வார்ம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தால் வார்மைச் சுற்ற முடியாது. வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்தினால் அது இறங்காமல் நிற்பது இதனால்தான், தனிப் பூட்டு எதுவும் இல்லை. கண்ணாடி முழுதாக ஏற நாலு வினாடி. நாளைக்குப் பத்து முறை ஏற்றி இறக்கினாலும் மோட்டார் ஓடும் நேரம் 80 வினாடிதான். இவ்வளவு குறைவாக உழைக்கும் மோட்டார் தானாகச் சாக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அதைச் சாகடிப்பது பீடிங். கண்ணாடி ஓடும் அந்த ரப்பர் பள்ளத்தின் உள்பக்கம் வெல்வெட் மாதிரி மெல்லிய பூச்சு இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் ரப்பர் இறுகும், தூசி அந்தப் பூச்சில் அப்பிக்கொள்ளும், சில ஆண்டில் பூச்சு வழுக்கையாகிவிடும். பிறகு ரப்பர் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும். சாதாரணமாக நாலைந்து ஆம்பியரில் கண்ணாடியைத் தூக்கும் மோட்டார் அதன்பின் பத்துக்கு மேல் இழுக்கும். பிரஷ் சூடேறித் தேயும், பிரஷ் உரசும் செம்பு வளையமான காமுட்டேட்டர் கருக்கும், கேபிளைக் கண்ணாடியோடு இணைக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடர் விரிசல் விடும். இந்த நிலையில் புது மோட்டாரை மட்டும் மாட்டினால் பழைய பீடிங்கையே இன்னும் பலமாக இழுக்கும். அடுத்து உடைவது ஸ்லைடர். அதற்கு அடுத்த முறை "மெஷினே போச்சு" என்று முழு ரெகுலேட்டரையும் விற்பார்கள். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். சில ஆயிரம் ரூபாய் அசெம்பிளியை எடுத்துவந்து காட்டுபவர்கள் பீடிங்கில் விரல் வைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

கதவின் உள்பக்க உறையைக் கழற்றும் முன்பே பாதி நோயைக் காதால் கண்டுபிடிக்கலாம். இரவில் கார் உள்விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கி, கண்ணாடி அசையாவிட்டால் கரண்ட் மோட்டாருக்குப் போகிறது, எங்கோ இறுகியிருக்கிறது. விளக்கு மங்காமல் சத்தமும் இல்லாமல் இருந்தால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றைத் தேட வேண்டும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி நின்ற இடத்திலேயே நின்றால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஸ்லைடரோ கேபிளோ போயிருக்கிறது. கடகடவென்று சத்தம் வந்து கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதேதான். கதவில் கையால் தட்டினால் ஓடி, விட்டால் நிற்கிறது என்றால் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஓட்டுநர் சுவிட்சில் ஓடாமல் அந்தக் கதவின் சுவிட்சில் மட்டும் ஓடினால் மாஸ்டர் சுவிட்சைப் பாருங்கள். கதவை ஒரு கோணத்தில் திறந்தால் ஓடி, மூடினால் ஓடாவிட்டால் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கும். திறந்து மூடி மடங்கும் இடம் அதுதான்.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். கப்ளரை, அதாவது மோட்டாரில் ஒயர் சேரும் பிளக்கை, கழற்றி அளந்தால் 12 வோல்ட் காட்டும். முறியாமல் மிச்சமிருக்கும் ஒரே ஒரு செம்பு இழையும் அந்த 12 வோல்ட்டைக் காட்டும், மோட்டாரை மட்டும் ஓட்டாது. கப்ளரை மாட்டியபடியே, சுவிட்சை அழுத்திக்கொண்டு, பின்பக்கமாக முள்ளை நுழைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 12.4 இருந்து மோட்டாரில் 9 வந்தால் இடையில் எங்கோ எரிந்த காண்டாக்ட் இருக்கிறது. மோட்டாரையே சோதிக்க, 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். இரண்டு ஒயரை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சுற்றும்.

டோர் பேடை, அதாவது அந்த உள்பக்க உறையை, கழற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை, நீட்டவில்லை. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்குரூவை மறந்து இழுத்தால் பேட் கிழியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளை அவசரத்தில் கத்தியால் அறுப்பவர்கள் அதிகம். அந்தக் கறுப்புப் பசையை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ இளக்கி உரித்து, அதே பசையில் திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் மழைநீர் கார்பெட்டுக்கு வரும். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் காற்றழுத்தத்தை அளக்கிறது. கதவில் ஓட்டை இருந்தால் அது தப்பாகப் படிக்கும், ஏர்பேக் விரியும் நேரமே மாறலாம். மழைத்தாள் என்று அலட்சியமாக விட முடியாத பாகம் இது. மஞ்சள் கப்ளரோ மஞ்சள் ஒயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் கார் கையேட்டில் சொன்ன நிமிடக் கணக்கு கழிந்த பிறகே தொடுங்கள்.

கண்ணாடியை மேலே ஏற்றி, வெளிப்பக்கத்திலிருந்து கதவுச் சட்டத்தைச் சுற்றி உள்பக்கம் வரை அகலமான டேப்பை இரண்டு இடத்தில் ஒட்டி நிறுத்துங்கள். ஸ்லைடரில் பிடிக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றியதும், மோட்டாருக்குக் கை வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். டேப்பை எடுத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நல்ல பீடிங்கில் கண்ணாடி தன் எடையில் மெல்ல வழுக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இறுகினால் காரணம் கிடைத்துவிட்டது. ஈரத்துணியைத் தட்டையான குச்சியில் சுற்றிப் பள்ளத்தைத் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் ஆயில், கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதும், தூசி பசையாகும், ஒரு மாதத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். வெல்வெட் பூச்சு போயிருந்தால் ஸ்பிரே சில வாரம்தான் தாங்கும், பீடிங்கையே மாற்றுங்கள். அசெம்பிளி விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும் என்றால், ரெகுலேட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டையும் தளர்த்தாதீர்கள். கத்தரிக்கோல் போல இரண்டு கை குறுக்கிடும் பழைய வகையில், கண்ணாடி எடையைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பதே மோட்டாரின் வார்ம்தான். மோட்டாரைக் கழற்றிய நொடியில் பல் பொருத்திய அந்தக் கை சீறிப் பாயும். விரல் நடுவில் இருந்தால் எலும்பு முறியும். முதலில் கையையும் தகட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட் போட்டோ, கிளாம்ப் மாட்டியோ பூட்ட வேண்டும். கேபிள் வகையில் அந்த ஸ்பிரிங் ஆபத்து இல்லை, ஆனால் அறுந்த எஃகு இழை ஊசியாகக் குத்தும். கதவுத் தகட்டின் வெட்டு ஓரமும் பிளேடுதான். கையுறை இல்லாமல் கை நுழைக்காதீர்கள். டிரம்மில் சுற்றிய கேபிள் அவிழ்ந்துவிட்டால் திரும்பச் சுற்றுவது பெரும்பாடு, அதை முழு ரெகுலேட்டராக வாங்குவதே சரி.

மோட்டாரைப் பிரித்ததும் தெரிவது பெரும்பாலும் மூன்று. தேய்ந்த பிரஷ், கருத்த காமுட்டேட்டர், பல்சக்கரத்துக்குள் பொடிந்துபோன ரப்பர் குஷன். குஷன் பொடிந்தால் மோட்டார் சுற்றும், வெளித்தண்டு விட்டு விட்டுச் சுற்றும். பிரஷ் பாதி நீளத்துக்குக் கீழே போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னல் ஒயரில் ஈயம் ஏறி விறைத்துவிடாமல் சால்டர் செய்ய வேண்டும், விறைத்தால் பிரஷ் கூட்டுக்குள் நகராது. காமுட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்து, செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள காடிகளில் சேர்ந்த கரியைப் பிளாஸ்டிக் முனையால் எடுங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்திக் காடியில் ஷார்ட் ஆக்கும். பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ் கொஞ்சம் போதும். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் டேப்பால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடித்திருந்தால் ரிப்பேரில் நேரம் செலவழிக்காதீர்கள்.

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ மோட்டார் வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இடது கதவு மோட்டாரும் வலது கதவு மோட்டாரும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, ஒன்று மற்றதில் உட்காராது. தண்டின் பல் எண்ணிக்கையும் கப்ளரிலுள்ள உலோக முள்களும் (pin) ஒத்துப்போக வேண்டும். இரண்டு முள் மோட்டாரும் ஆறு முள் மோட்டாரும் ஒன்றல்ல.

பாதுகாப்பு என்று வந்தால் இந்த முள் கணக்குதான் முக்கியம். கூடுதல் ஒயர்கள் மோட்டாரின் சுழற்சியை எண்ணும் ஹால் சென்சாருக்கானவை. ஏறும்போது வேகம் திடீரென்று குறைந்தால் நடுவில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று புரிந்து கண்ணாடி திரும்பி இறங்கும். ஐ.நா. வாகன விதி 21-உம் அமெரிக்க விதி 118-உம் இதற்கு வைத்திருக்கும் வரம்பு 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ அழுத்தம். அதைத் தாண்டும் முன் கண்ணாடி திரும்ப வேண்டும். அந்த வசதி இல்லாத கண்ணாடியின் பலத்தை எளிய கணக்கில் பாருங்கள். முழுதாக மறித்தால் 8 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தரும் மோட்டார், டிரம்மின் ஆரம் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் கேபிளில் 320 நியூட்டன். உராய்வு கொஞ்சம் தின்றாலும், ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி எடை குழந்தையின் கழுத்தில் இறங்குவதற்குச் சமம்.

பத்தாண்டாக எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று. மலிவு கார்களில் இந்தத் திரும்பும் வசதி பெரும்பாலும் ஓட்டுநர் கண்ணாடிக்கு மட்டும்தான். ஒரே தட்டில் தானாக ஏறும் கண்ணாடிக்குத்தான் விதி அதைக் கேட்கிறது. சுவிட்சை அழுத்திப் பிடித்திருப்பவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். ஓட்டுநர் தன் கண்ணாடியைப் பார்ப்பார், சரி. பின் சீட்டில் குழந்தை தலையை நீட்டிக்கொண்டிருக்கும்போது முன்னால் சாலையைப் பார்த்தபடி மாஸ்டர் சுவிட்சை அழுத்துபவர் எதைப் பார்ப்பார்? பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் ஜன்னலில் அது இல்லை. சுவிட்ச் வடிவமும் அப்படியே. குழந்தையின் முட்டி பட்டு அழுந்தும் சுவிட்சுகளால் உயிர்கள் போனபின், மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் வகையைக் கட்டாயமாக்கச் சொல்லி அமெரிக்காவில் 2005-இல் சட்டமே வந்தது. உங்கள் பின் கதவுச் சுவிட்ச் எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்த நிலையில் ரிப்பேர் என்ற பெயரில் நடப்பவை கோபத்தை இன்னும் ஏற்றுகின்றன. பீடிங் இறுகி ஓட்டுநர் கண்ணாடி பாதியில் திரும்பி இறங்கினால், பீடிங்கைச் சரிசெய்யாமல் சென்சார் இல்லாத இரண்டு முள் மோட்டாரைப் போட்டு ரிலே வைத்து ஓட்டிவிடுகிறார்கள். கண்ணாடி ஜம்மென்று ஏறும், விரல் இருந்தாலும் ஏறும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி ஒரு நிமிடம் நிற்பது மோட்டாருக்குள் இருக்கும் காப்பு வேலை செய்வதால். அந்தக் காப்பைத் தாண்டிப் போக ஜம்பர் ஒயர் போடுவதும், 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 போடுவதும் கதவுக்குள் தீ வைப்பதற்குச் சமம். ரிமோட்டில் பூட்டியதும் நாலு கண்ணாடியையும் தானாக ஏற்றும் ஆக்சசரி மாட்யூலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கரண்ட் ஏறினால் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கலாம். பீடிங் இறுகிய காரில் அந்த வரம்பையே தளர்த்தித்தான் கண்ணாடியை ஏற்ற முடியும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சென்சார் உள்ள கண்ணாடிக்கு மேல் எல்லையை மறுபடி கற்பிக்க வேண்டும். பெரும்பாலும், முழுதாக இறக்கி, பிறகு முழுதாக ஏற்றி, ஏறிய பின்னும் சுவிட்சைச் சில வினாடி இழுத்தே பிடிப்பது. சரியான முறை கார் கையேட்டில் இருக்கும். அது முடியும்வரை திரும்பும் வசதி வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கக் கையை வைக்காதீர்கள். செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மேல் விளிம்புக்குக் கீழே நாலு விரல் அகலத்தில் ஒரு முறை, விரல் கனத்தில் ஒரு முறை பாருங்கள். சென்சார் இல்லாத பின் கண்ணாடியில் ஒரு கேரட்டை வைத்து ஏற்றிப் பாருங்கள். வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு முறை செய்தால் போதும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற நேரத்தில், கார் மிதக்கத் தொடங்கியதும் கதவோடு போராடாமல் கண்ணாடியை இறக்குங்கள். சுவிட்ச் நனைந்து சாகும் முன் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான், திணறும் கண்ணாடி அந்த நேரத்தைத் தின்றுவிடும். கூர்முனைச் சுத்தியல் ஒன்றை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம்.

நண்பருக்கு என் பதில் இதுதான். மோட்டாரை மாற்ற வேண்டாம், பீடிங் மாற்றுங்கள், பிரஷ் போடுங்கள், இன்னும் பல ஆண்டு ஓடும். இவ்வளவு உழைக்கும் பாகத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகத் தரலாம். ஆனால் அடுத்த கார் வாங்கும்போது, திரும்பும் வசதி நாலு கதவிலும் இல்லாவிட்டால், பின் கதவில் கையால் சுற்றும் கைப்பிடி உள்ள மாடலைத்தான் தேடுவேன். அதுவரை மாஸ்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் ஜன்னல் பூட்டு பொத்தானை அழுத்தியே வைத்திருங்கள். அது குழந்தையின் கையைத் தடுக்கும், ஓட்டுநரின் கையைத் தடுக்காது. பின் கண்ணாடியை ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பாருங்கள்.