டின், பெட்டி, பிரிட்ஜ், பிரீசர்: வீட்டுக் கேக்கை எங்கே வைப்பது?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பட்டர் கேக் சுட்டேன். 250 கிராம் பட்டர், அதே அளவு சீனி, அதே அளவு மா, ஐந்து முட்டை. எங்கள் வீட்டு வழக்கமான கணக்கு அது. ஆறியதும் நாலாக வெட்டி, ஒன்றைப் பழைய பிஸ்கட் டின்னிலும், ஒன்றை இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டியிலும், ஒன்றை பிரிட்ஜிலும், ஒன்றை பிரீசரிலும் வைத்தேன். புதன்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு நாலையும் வெளியே எடுத்து, எது எங்கே இருந்தது என்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுத்தேன். மார்கழியில், மழை விடாமல் அடித்த ஒரு கிழமையில், இதையே திரும்பவும் செய்தேன். இரண்டு தடவையும் முடிவு ஒன்றாக வரவில்லை.

கேக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் மூன்று நாள்' என்று போட்டிருப்பார்கள். அந்த அறை குளிர்நாட்டு அறை, 20 பாகை சொச்சம். திருகோணமலையில் கச்சான் வீசும் காலத்தில் மத்தியானம் 35 பாகையைத் தொடும். மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு வரும் காற்று அது, இங்கே வந்து சேரும்போது காய்ந்துபோயிருக்கும். கொடியில் போட்ட துவாய் அரை மணியில் மொறுமொறுக்கும். மூடாமல் வைத்த கேக்கின் வெட்டுமுகமும் அப்படித்தான். ஐப்பசி தாண்டி வாடை தொடங்கினால் கதை தலைகீழ். உப்புப் போத்தலில் உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது. அப்போது கேக் காய்வதை விட பூஞ்சணம் பிடிப்பதுதான் பயம். ஆகவே எந்தப் பாத்திரம் நல்லது என்று கேட்பவருக்கு நான் முதலில் கேட்பது, இப்போது என்ன மாதம் என்றுதான்.

டின்னும் பிளாஸ்டிக் பெட்டியும் பார்வைக்கு ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் டின் மூடி முழுக்க இறுகாது, கொஞ்சம் மூச்சு விடும். ஆடியில் அந்த மூச்சு வழியாகவே ஈரம் போய், மூன்றாம் நாள் டின் கேக்கின் ஓரம் கரகரத்தது. பெட்டிக் கேக் அன்றைக்கும் பஞ்சு மாதிரி இருந்தது. மார்கழியில் நேர்மாறு. பெட்டிக்குள் ஈரம் போக இடமில்லாமல் கேக்கின் மேல்தோல் பிசுபிசுத்து விரலில் ஒட்டியது, வியாழன் காலையில் ஒரு மூலையில் பச்சைப் புள்ளியும் தெரிந்தது. டின் கேக்கில் அப்படி எதுவும் இல்லை. மணத்தைப் பார்த்தாலும் எனக்கு டின்தான். பட்டர் வாசம் அதில் அமுங்காமல் இருக்கும். பழைய பிளாஸ்டிக் பெட்டியோ போன மாதம் வைத்த கறியை மறக்காது.

டின்னுக்கு இரண்டு வியாதி உண்டு. ஒன்று, இந்தக் கடற்காற்றில் விளிம்பு துருப்பிடிக்கும். உள்ளே ஒயில் பேப்பரை விரித்து, அதன் மேலேதான் கேக்கை வைக்க வேண்டும். மற்றது எறும்பு. மூடியின் மயிரிழை இடைவெளி போதும் அதற்கு. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டின்னை வைப்பதுதான் என் அம்மா காலத்திலிருந்து வரும் வழி. டின் தட்டின் ஓரத்தையோ சுவரையோ தொடக்கூடாது, தொட்டால் அதுவே பாலம்.

டின்னோ பெட்டியோ, சூட்டோடு மூடினால் இரண்டுமே கெடுக்கும். மூடியில் ஆவி வியர்த்துக் கேக் மேலேயே சொட்டும். கை வைத்தால் அடிப்பக்கமும் குளிர்ந்திருக்க வேண்டும். நம்முடைய வெக்கையில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டு மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், மேல்தோல் காய்ந்துவிடும்.

சரி, பிரிட்ஜ். ஊரில் பெரும்பாலானோர் செய்வது இதைத்தான். எனக்கு இதில்தான் சண்டை. இரண்டு பருவத்திலும் கடைசி இடம் பிரிட்ஜ் கேக்குக்கே. 'இது போன கிழமைக் கேக்கா?' என்று கேட்டார்கள். ஈரம் போனதால்தான் காய்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பாதிக் கதை. மாவிலுள்ள மாச்சத்து வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் இறுகுகிறது. துளி ஈரம் வெளியே போகாவிட்டாலும் இது நடக்கும். பிரிட்ஜின் 4 பாகையளவு குளிரில்தான் இந்த இறுக்கம் மிக வேகமாக வரும். இரவு பிரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். கேக்கில் சீனியும் கொழுப்பும் இருப்பதால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு பட்டரும் கட்டியாகிவிடும். வெளியே ஒரு மணி நேரம் வைத்தால் பட்டர் இளகும், மாச்சத்து இளகாது. அதனால்தான் பிரிட்ஜ் கேக் கத்தி பட்டதும் பொடிப்பொடியாக உதிர்கிறது.

எண்ணெய்க் கேக் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். சூரியகாந்தி எண்ணெயில் செய்தது பிரிட்ஜிலும் ஓரளவு மெதுவாகவே இருக்கும், அந்த எண்ணெய் அங்கே உறையாது. தேங்காயெண்ணெய் சேர்த்ததை வைத்துவிடாதீர்கள். 24 பாகைக்குக் கீழே போனாலே அது உறையும், கேக் செங்கல் போலாகும். பிரிட்ஜைத் தவிர வேறு வழியில்லாதவை பிரெஷ் கிரீம், கஸ்டர்ட், வெட்டிய பழம் வைத்தவை. அவற்றை இந்த ஊர் வெக்கையில் வெளியே விட்டால் கேக்கின் மென்மை அல்ல, வயிறுதான் பிரச்சினை. மூடிய பெட்டியில் போட்டு பிரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.

பிரீசரை நானும் நம்பாமல்தான் இருந்தேன். உறையவைத்த கேக் என்றால் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் ஞாயிற்றுக்கிழமைக் கேக்குக்கு மிக அருகில் நின்றது அதுதான். மைனஸ் 18 பாகையில் மாச்சத்தின் இறுக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, பூஞ்சணமும் வளராது. சுற்றும் விதத்தில்தான் சூட்சுமம். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கிளிங் ராப்பில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடித்த பையில் போட வேண்டும். எடுக்கும்போது சுற்றியதைப் பிரிக்காமலே வெளியே வைக்க வேண்டும். நம் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பொருளில் உடனே படியும். அது பிளாஸ்டிக் மேல் படிந்தால் துடைத்துவிடலாம், கேக் மேல் படிந்தால் நசநசத்துவிடும். ஒரு துண்டு முக்கால் மணியில் தயார். ஒரு மாதம் வரை ருசி மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை நான் ஒற்றைப் பையோடு விட்டுவிட்டேன். அதே தட்டில் அரைக் கிலோ அறுக்குளா. பட்டர் பக்கத்திலிருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாய் கடித்துவிட்டுச் சொன்னா: "என்ன தங்கச்சி, கேக்குக்குள்ள மீனும் போட்டனீரோ?" இப்போது கேக்குக்கு மேல்தட்டு, மீனுக்குக் கீழ்த்தட்டு.

பிரீசரின் பலவீனம் கரண்ட். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். இளகிய கேக்கை மறுபடி உறையவைத்தால் அந்த மென்மை வராது, ஆகவே அந்த நாட்களில் டின்தான் கைகொடுத்தது.

சில்லறை உபாயங்களும் உண்டு. கேக்கோடு ஒரு பாண் துண்டை வைப்பது பழைய பழக்கம். பாணின் ஈரத்தைக் கேக்கிலுள்ள சீனி இழுத்துக்கொள்ளும், அடுத்த நாள் பாண் விறைத்துக் கிடக்கும். கச்சான் காலத்தில் நன்றாக வேலை செய்கிறது. மாரியில் செய்யாதீர்கள், முதலில் பூஞ்சணம் பிடிப்பது அந்தப் பாண்தான். சீனியும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாணியைத் தடவுவதும் உதவும். வெட்டும் முறையை யாரும் கவனிப்பதில்லை. 1906இல் பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி நேச்சர் சஞ்சிகைக்கே எழுதினார். ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவால் ஒரு பட்டையை எடுத்து, மிச்ச இரண்டு பாதியையும் நெருக்கி ஒட்டி ரப்பர் பட்டியால் கட்டினால் வெட்டுமுகம் காற்றுப்படாது. நான் ரப்பருக்குப் பதில் ஒயில் பேப்பரால் இறுக்கிச் சுற்றுகிறேன்.

நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்குக்கு இந்தப் போட்டியே தேவையில்லை. அதிலுள்ள சீனியும் உலர்பழமும் பிராந்தியும் கிருமிக்குத் தண்ணீர் விடாது. ஒயில் பேப்பரில் சுற்றி டின்னில் போட்டால் வாரக்கணக்கில் இருக்கும், ருசியும் கூடும். பிரிட்ஜில் வைத்தால் வீண்தான்.

கொழும்பில் படிக்கும் மகனுக்குக் கேக் அனுப்புவதும் இப்போது பிரீசர் வழியாகத்தான். கல்லாக உறைந்த பட்டர் கேக்கை கிளிங் ராப்போடு பத்திரிகைத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றி, இரவு பஸ்ஸில் போகும் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவேன். விடியும்போது பதமாக இளகியிருக்கும். போன தடவை பொறுக்காமல் பஸ் வந்த கையோடே பிரித்துவிட்டான்.

"அம்மா, நடுவில இன்னும் ஐஸா இருக்கு."

"அரை மணித்தியாலம் பொறு" என்றேன். போனுக்குள் மெல்லும் சத்தம் கேட்டது.