சிறிய சிஎன்சி மில்லிங் மெஷினுக்கு எந்த வைஸ்?

வைஸ் என்பது வேலைப் பொருளை (ஜாப்) இரண்டு தாடைகளுக்கு (ஜா) நடுவே இறுக்கிப் பிடிக்கும் சாதனம். டிரில்லிங் மெஷின் வைஸை மில்லிங்குக்கு வைக்கவே வைக்காதீர்கள். இறுக்கும்போது நகரும் ஜா மேலே எழும்பும். ஜாபும் அதன் அடியில் வைக்கும் பேரலலை (சம உயரத் தாங்கு பட்டை) விட்டுத் தூக்கிக்கொள்ளும், அடுத்த முகம் மட்டத்துக்கு வராது. ஆறு அங்குல கர்ட் வகை (கர்ட் நிறுவனப் பாணி மில்லிங்) வைஸ் அருமையானது. ஆனால் எடை 30 கிலோவைத் தாண்டும். சின்ன டேபிளுக்கு அது பாரம், இசட் உயரத்தையும் (டூலுக்கும் டேபிளுக்கும் நடுவே உள்ள இடம்) தின்றுவிடும்.

இந்த அளவு மெஷினுக்கு எங்கள் தேர்வு மூன்று அங்குல ஸ்க்ரூலெஸ் வைஸ் (நீளமான ஸ்க்ரூ தண்டு இல்லாதது). ஆலன் போல்ட் சாய்வாக இழுப்பதால் ஜா முன்னே நகரும்போதே கீழேயும் அமுங்கும். உயரம் குறைவு, பக்கங்களும் கிரைண்டிங் செய்தவை. ஒரே தொல்லை, ஜாப் அளவு மாறினால் அடியிலுள்ள பின்னை வேறு பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே ஒரு சிப் (உலோகச் சீவல்) சிக்கினாலும் பின் சரியாக உட்காராது, பிடி தளரும். மாற்றும்போதெல்லாம் பிரஷ் போட்டுவிடுங்கள்.

வைஸை டேபிளில் நேராகப் பொருத்த, அதன் பக்கவாட்டுக் காடியில் கிளாம்ப் போட்டு லேசாக இறுக்கி, நிலையான ஜாவின் முகத்தில் டயலை (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) எக்ஸ் அச்சில் ஓட்டுங்கள். முழு அகலத்துக்கும் 0.01 மி.மீ.க்குள் வந்த பிறகே முழுதாக இறுக்கலாம். இறுக்கும்போது கொஞ்சம் நகரும் என்பதால் மறுபடியும் ஒருமுறை டயல் ஓட்டிப் பாருங்கள். ஜாவின் ஓரத்தில் மட்டும் ஜாப் பிடிப்பதாக இருந்தால், மறு ஓரத்தில் அதே தடிமனில் ஒரு துண்டு வையுங்கள். இல்லையென்றால் ஜா கோணிக்கொள்ளும்.