ஃபோர்காஸ்டிங் கோர்ஸ் என்று சொல்லி லோனைத் தலையில் கட்டுகிறார்கள்: அக்கவுன்ட்ஸ் வேலையில் இருப்பவர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். எல்லாம் கைப்பழக்கம். அடுத்த வருடத்துக்கான பட்ஜெட் மட்டும் ஆடிட்டர் ஆபீஸ் போட்டுக் கொடுப்பது. பேங்க் லிமிட் (தொழில் நடத்த எடுக்கும் கடன் வரம்பு) புதுப்பிக்க, வரப்போகும் வருடக் கணக்கைக் கணித்துக் காட்டும் சி.எம்.ஏ. டேட்டா கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அதை நாமே கற்றுக்கொள்ளலாம் என்றுதான், "பட்ஜெட்டிங், ஃபோர்காஸ்டிங், 100% வேலை உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்த ஒரு சென்னை நிறுவனத்தின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

கட்டணம் ₹70,000. 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ₹82,600. "மாசம் 6,883 ரூபாதான் சார், வட்டியே கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்க, பிடிக்கலேன்னா முழுப் பணமும் திரும்ப வந்துடும்" என்றார் கவுன்சிலர். அட்மிஷன் வெரிஃபிகேஷன் என்று சொல்லி ஆதார் ஓ.டி.பி. வாங்கினார்கள். அந்த ஓ.டி.பி.யில் நடந்தது அட்மிஷன் இல்லை. ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, மொத்தத் தொகையையும் பயிற்சி நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டது.

சரி, பாடமாவது உருப்படியாக இருந்ததா?

முதல் வாரமே ஒரு எக்செல் கோப்பைக் கொடுத்து "இதுதான் இண்டஸ்ட்ரி மாடல்" என்றார் பயிற்சியாளர். தலைப்பில் ₹ இருந்தது, உள்ளே பாதி செல்களில் டாலர் குறி அப்படியே கிடந்தது. வருடம் டிசம்பரில் முடிகிறது, இங்கே கணக்கு வருடம் முடிவது மார்ச்சில். வருமான வரி வரிசையில் 35%. அது 2018-க்கு முன் அமெரிக்காவில் இருந்த கம்பெனி வரி. இங்கே 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ என்ற குறைந்த வரிப் பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு 22%, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்தால் 25.17%. ஜி.எஸ்.டி.க்கு வரிசையே இல்லை, 'சேல்ஸ் டாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. ஃபைல் மெனுவில் இன்ஃபோவைத் திறந்து பார்த்தால் ஆத்தர் இடத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பெயர். இணையத்தில் சும்மா கிடைக்கும் டெம்ப்ளேட்டை இறக்கி, குறியை மட்டும் அரைகுறையாக மாற்றியிருக்கிறார்கள்.

ஃபோர்காஸ்ட் என்று சொல்லிக்கொடுத்தது, போன வருட விற்பனையோடு 10% கூட்டி வலப்பக்கம் இழுத்துவிடுவது. நான் கேட்டேன்: "2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போட்டதும் இங்கே எத்தனை ஆர்டர் நின்றுபோனது, அதை எங்கே காட்டுவது?" அவர் சொன்ன பதில்: "அது அசம்ப்ஷன் தானே சார், நீங்களே மாத்திக்கலாம்."

எங்கள் தொழிலில் விற்பனைக் கணிப்பு கையில் இருக்கும் ஆர்டரிலிருந்துதான் தொடங்கும். எத்தனை பீஸ், என்ன ரேட், டாலர் எந்த விலையில் வரும் என்று பார்க்க வேண்டும். அப்புறம் அதற்கு எத்தனை கிலோ நூல், நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் எவ்வளவு என்று. பையர் பணம் 60, 90 நாள் கழித்து வரும். சிறு தொழிலில் பதிந்த டையிங் யூனிட்டுக்கு 45 நாளுக்குள் கொடுக்காமல் வருடக் கடைசியிலும் பாக்கி வைத்தால், அதே 1961 சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி அந்தச் செலவு அந்த வருடம் வரியில் கழியாது. இந்த இடைவெளியை மாதாமாதம் பணவரத்தில் காட்டுவதுதான் பட்ஜெட். சி.எம்.ஏ. டேட்டா என்ற பெயரையே பயிற்சியாளர் கேள்விப்பட்டிருக்கவில்லை. 5 கோடி வரை லிமிட் கேட்கும் சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் விற்பனையில் 25% நடைமுறை மூலதனம், அதில் 20% பேங்க், 5% நம் கை என்ற, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டியின் கணக்கை நான்தான் வகுப்பில் சொன்னேன். அதை ரெக்கார்ட் செய்து வைத்துக்கொண்டார்கள்! அடுத்த பேட்சுக்கு ஆகும் போலிருக்கிறது.

அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே வேண்டாம் என்று மெயில் போட்டேன். "லோன் ஆயிடுச்சு, ஃபைனான்ஸ் கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியோ, "கோர்ஸ் பிரச்சினை எங்களுக்குச் சம்பந்தமில்லை, தவணையை நிறுத்தினால் சிபில் அடிபடும்" என்றது. பேட்சில் இருந்த பி.காம் முடித்த பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். வேலை உத்தரவாதம் என்று அனுப்பிய இன்டர்வியூ, இதே கோர்ஸை போனில் விற்கும் வேலைக்கு.

ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்கிய பணத்துக்கு வந்த ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. சண்டை போட்டதும், தமிழ்நாட்டுக்கான 33-ல் தொடங்கும் 15 இலக்க எண் ஒன்றை அனுப்பினார்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்தானது என்று காட்டுகிறது. யாரும் பணம் கட்டுமுன் இதைப் பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம்.

கடன் விஷயத்தில், வட்டியும் எல்லாக் கட்டணமும் எழுதிய கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டை முன்கூட்டியே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. டிஜிட்டல் கடனை அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்க கூலிங் ஆஃப் காலமும் உண்டு. அது மிகக் குறுகியது, வகுப்பைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் போய்விடும். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் போகலாம். நான் போயிருக்கிறேன்.

பயிற்சி நிறுவனத்தின் மீது முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், அதில் அவர்கள் அசையவில்லை. இப்போது திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. "கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது" என்று அவர்களின் வக்கீல் கடிதம் அனுப்பினார். கோச்சிங் சென்டர் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது.

இதே மாதிரி மாட்டியவர்கள் விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் உரையாடல், லோன் பேப்பர் எதையும் அழிக்க வேண்டாம். ஒரே பேட்சாக இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம்.