எம்பிஐ நிரல்களின் செய்திப் போக்குவரத்து: தொகுப்புக் கணக்கா, முழுத் தடப்பதிவா?

திருகோணமலையில் ஈதர்நெட்டால் இணைத்த ஒரு சிறு கிளஸ்டரில் (கணினித் தொகுதியில்), கொட்டியாரக் குடாவின் நீர்மட்டத்தைக் கணிக்கும் எம்பிஐ (MPI) நிரலொன்றை ஓட்டிவருகிறோம். ஒரே வேளையில் ஓடும் பல செயன்முறைகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்கான நியமமே எம்பிஐ. செயன்முறைகளுக்கிடையிலான செய்திகளில் நேரம் எங்கே செலவாகிறது என்பதை அறிய ஒரு கருவி தேவைப்பட்டது. வலையமைப்புப் போக்குவரத்தைப் பதியும் வயர்ஷார்க் தொடக்கத்திலேயே விலகியது. அது பொதிகளைக் காட்டுமேயன்றி, நிரலின் எந்த அழைப்பு அவற்றை அனுப்பியது என்று காட்டாது. ஒரே கணினிக்குள் பகிர் நினைவகம் வழியாகச் செல்லும் செய்திகள் அதற்குப் புலப்படுவதுமில்லை.

எஞ்சியவை இரண்டு. எம்பிஐபி (mpiP) ஒவ்வோர் அழைப்பிடத்திலும், அதாவது நிரலில் எம்பிஐ அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், செலவான நேரத்தைக் கூட்டிவைத்து, ஓட்டம் முடிந்ததும் ஓர் உரைக்கோப்பாகத் தருகிறது. ஸ்கோர்-பியின் தடப்பதிவோ ஒவ்வொரு செய்தியையும் நேரக்குறியுடன் எழுதுகிறது. அதை வாம்பிர் என்ற காட்சிக் கருவியில் காலக்கோடாக விரித்துப் பார்க்கலாம். 1994 இல் வெளிவந்த முதல் எம்பிஐ நியமத்திலேயே இடம்பெற்ற, அழைப்புகளை இடைமறிக்க உதவும் பிஎம்பிஐ இடைமுகமே இரண்டுக்கும் அடிப்படை என்பதால், எம்பிஐ அழைப்புகளை அளக்க மூல நிரலைத் திருத்த வேண்டியதில்லை.

நாங்கள் எம்பிஐபியைத் தெரிவுசெய்தோம். கோப்பின் அளவே அதைத் தீர்மானித்தது. எம்பிஐபியின் அறிக்கை அழைப்பிடங்களையும் செயன்முறைகளையும் பொறுத்தே வளர்வதால், சில நிமிட ஓட்டத்துக்கும் இரவு முழுதும் நீளும் ஓட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. தடப்பதிவு நிகழ்வுகளின் எண்ணிக்கையோடு பெருகுகிறது. அதற்கென ஒதுக்கிய நினைவகம் நிரம்பியதும் நடு ஓட்டத்தில் வட்டில் எழுத நேர்வதால், நாம் அளக்க வந்த நேரமே குலைந்துவிடுகிறது. ஓட்டத்தைச் சுருக்கினால், தாமதம் தோன்றும் கட்டம் பதிவுக்குள் வராமலே போகலாம்.

கூட்டல் கணக்கு காரணத்தை மறைத்துவிடும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது சொல்லப்படும் அளவுக்குப் பெரிதன்று. எங்கள் அறிக்கையில், எல்லாச் செயன்முறைகளின் மதிப்புகளையும் சேர்த்து முடிவை அனைத்துக்கும் தரும் ஆல்ரெடியூஸ் அழைப்பே அதிக நேரம் பிடித்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வலையமைப்பு மந்தம் என்றே தோன்றும். செயன்முறைவாரியான எண்களைப் பார்த்தபோது, கணிப்புக்காகப் பகுத்த கட்டங்களில் மூதூர்ப் பக்கத்து நிலக்கட்டங்களைப் பெற்றவை விரைவில் வேலையை முடித்துக் காத்திருந்ததும், ஆழ்கடல் கட்டங்களைப் பெற்றவை அந்த அழைப்பில் மிகக் குறைந்த நேரமே நின்றதும் தெரிந்தன. கட்டங்களைப் பங்கிட்ட விதத்தையே திருத்த வேண்டியிருந்தது, கேபிள்களை அல்ல.

ஒரு செயன்முறையின் தாமதம் அடுத்ததற்குச் சங்கிலியாகப் பரவும் விதத்தைக் காண வேண்டுமானால் தடப்பதிவுக்கு ஈடில்லை. வாம்பிருக்கு உரிமக் கட்டணம் உண்டு. கட்டணமற்ற ஸ்கலாஸ்காவும் அதே தடங்களைப் படித்து, தாமதமாக அனுப்பியவரைச் சுட்டிக்காட்டும். இன்பினிபேண்ட் என்ற அதிவேக வலையமைப்பில் ஆயிரக்கணக்கான செயன்முறைகளை ஓட்டுவோருக்கும் இதே தெரிவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.