லேமினேட் பி.பி.இ. கிட்: நான்காவது மணி நேரத்தில் எப்படி இருக்கிறது?

தொற்று வராமல் காக்க மருத்துவப் பணியாளர் அணியும் முழு உடைத் தொகுப்புதான் பி.பி.இ. கிட். அதை வாங்கும்போது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன: எத்தனை ஜி.எஸ்.எம். (துணியின் எடை), என்ன விலை? உடுத்திய முதல் அரை மணி நேரம் எல்லாக் கிட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் நான்காவது மணி நேரத்தில்தான் தெரியும். தலை கனக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், மருந்தின் அளவை இரண்டு முறை படித்தாலும் மனதில் நிற்காது. கொள்ளைநோய்க் காலத்து வார்டில் ஒரு செவிலியரின் களைப்பில் பெரும்பங்கு அவர் போட்டிருக்கும் உடையிலிருந்து வருகிறது. அதனால் இந்த மதிப்புரையில் கிட்டை அந்த நான்காவது மணி நேரத்தை வைத்தே பார்த்திருக்கிறோம்.

எடுத்துக்கொண்டது கோவிட் காலத்தில் நம் மருத்துவமனைகளில் அதிகம் புழங்கிய வெள்ளைக் கிட். தலைமூடியுடன் உடம்பு முழுவதையும் மூடும் லேமினேட் அங்கியான கவரால், என்95 முகக்கவசம், காகிள்ஸ், முக ஷீல்டு, நைட்ரைல் கையுறைகள், ஷூ கவர் எல்லாம் ஒரே பையில் வரும். 2021 ஜூனில் தமிழக அரசு இதற்கு நிர்ணயித்த உச்ச விலை 273 ரூபாய், என்95-க்கு 22 ரூபாய்.

முதலில் பாதுகாப்பு. கவரால் துணி நெய்தது அல்ல. நெய்யாத பாலிப்ரொப்பிலீன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியிருப்பார்கள். ரத்தமும் சளியும் உள்ளே வராமல் தடுப்பது அந்தப் படலம். வியர்வை வெளியே போகாமல் அடைப்பதும் அதே படலம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை மட்டுமே, தடுக்கும் திறனுக்கு அளவு அல்ல. 90 ஜி.எஸ்.எம். துணியாகவே இருந்தாலும், தையலின் ஊசித்துளைகளை மூடி வெப்பத்தில் ஒட்டிய டேப் இல்லையென்றால் அந்த எடையைச் சுமப்பது வீண். கவராலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொடை இணையும் இடத்திலும் அக்குளிலும் டேப்பின் ஓரம் நகத்தால் தட்டினாலே எழும்பி வந்தால், அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். கேட்க வேண்டிய சான்று ஐ.எஸ்.ஓ. 16603 செயற்கை ரத்தச் சோதனை, மூன்றாம் வகுப்பு அல்லது அதற்கு மேல். 2020-இல் கோவிட் தொடங்கியபோது இந்தச் சோதனையை நாட்டுக்காகச் செய்துகொடுத்தது கோவையின் சிட்ரா ஜவுளி ஆய்வகம். சௌகரியத்துக்காக இந்தச் சான்றில் சமரசம் செய்யவே கூடாது. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோயாளியைப் பராமரித்துத் தொற்றுக்கு ஆளான செவிலியர் லினியின் மரணம் அதை மறக்க விடாது.

ஆனால் சான்று பெற்ற இரண்டு கிட்கள் முன்னால் இருந்தால், எதில் உடம்பு குறைவாக வேகும் என்பதே முடிவு செய்யட்டும். சாதாரண லேமினேட்டைவிட மைக்ரோபோரஸ் (நுண்துளைகள் உள்ள) படலம் போட்டது ஓரளவு நீராவியை வெளியே விடும். விலை கூடுதல்தான். குளுகுளுவென்று இருக்காது, ஆனால் கழற்றும்போது உள்சட்டையைப் பிழிய வேண்டியிருக்காது. நீராவி ஊடுருவல் அறிக்கையையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெப்பம்தான் இந்தக் கிட்டின் பெரிய குறை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். உள்ளே அது ஆவியாக வழியில்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் முழு உடையோடு ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் கோவிட் வார்டுகளிலோ ஆறு மணி நேர ஷிப்ட் சாதாரணமாக இருந்தது, அதுவும் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவைத்த மே மாதத்தில். கழிப்பறை போக முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலேயே உள்ளே போவது பரவலான பழக்கமாக இருந்தது. தலைவலி, சிறுநீர்த் தொற்று, கவனச் சிதறல் மூன்றுக்கும் அது வழி விடுகிறது. மாதவிடாய் நாட்களில் இருப்பவர்களுக்கு இந்த ஷிப்ட் இன்னும் கொடுமை. அவர்கள் காரணம் சொல்லாமலே நேரத்தை மாற்றிக்கொள்ள வசதி இருக்க வேண்டும்.

இழப்பை அளக்க எளிய வழி ஒரு எடைமெஷின். உடுத்துவதற்கு முன்னும் கழற்றி வியர்வையைத் துடைத்த பின்னும் ஒரே மாதிரி லேசான உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ உள்ளவர் 1.2 கிலோ இழந்தால் அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே கவனம் மங்கத் தொடங்கும். அப்படியானால் அந்த வார்டில் ஷிப்ட் நீளம் அதிகம் என்று அர்த்தம். உள்ளே போவதற்கு அரை மணி முன்பே அரை லிட்டர் தண்ணீர், கடைசி நிமிடத்தில் கழிப்பறை, வெளியே வந்ததும் ஓ.ஆர்.எஸ். இந்த வரிசை பழகிவிட்டால் நல்லது.

காகிள்ஸில் பனி படிவதற்குப் பெரும்பாலும் கண்ணாடியைக் குறை சொல்கிறோம். உண்மையில் மூச்சு முகக்கவசத்தின் மேல் ஓரம் வழியாகக் கசிகிறது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைத்து, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று பட்டால் என்95 சரியாக உட்காரவில்லை. மூக்கின் மேல் புண் வராமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டினால், ஒட்டிய பிறகு மறுபடி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மலிவு கிட்களில் தலைமூடியின் எலாஸ்டிக் நெற்றியை இறுக்குவதும் தலைவலிக்கு ஒரு காரணம்.

அளவு விஷயத்தில் கிட்டும் சரியில்லை, வாங்குபவர்களும் சரியில்லை. எல்லோருக்கும் எக்ஸ்.எல். என்று ஆர்டர் போட்டால், குள்ளமானவரின் கால் தடுக்கும். உயரமானவர் குனிந்தால் தொடையிடையில் கிழியும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே முழுதாகக் குந்தி எழ முடிந்தால் அளவு சரி.

முகம் மறைவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாமல், குரலும் மங்கி, கத்திக் கத்திப் பேசி முடிக்கிற ஷிப்ட் மனதை வெகுவாகக் கரைக்கிறது. நோயாளிக்கும் அப்படித்தான். முதுகிலும் நெஞ்சிலும் பெயரையும் பணியையும் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். 2015-இல் லைபீரியாவின் எபோலா சிகிச்சை மையங்களில் மேரி பெத் ஹெஃபர்னான் என்ற கலைஞர் ஊழியர்களின் சிரித்த முகத்தைப் படமெடுத்து உடையின் மேல் ஒட்டவைத்தார். ஒரு ஸ்டிக்கர் செலவில் இதைவிடப் பயனுள்ள சேர்க்கையை நாங்கள் பார்க்கவில்லை.

உள்ளே இருக்கும்போது திடீரென மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும், எல்லாவற்றையும் பிய்த்தெறிய வேண்டும் போலிருக்கும். பழகியவர்களுக்கும் இது வரும். சூடான காற்று, நீரிழப்பு, முகத்தைத் தொட முடியாத தவிப்பு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை, கோழைத்தனம் அல்ல. கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் வேலையை நிறுத்துங்கள். நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். கூட இருப்பவருக்கு முன்பே பேசிவைத்த கைச்சைகையைக் காட்டிவிட்டு, கழற்றும் அறைக்கு நடந்து போங்கள். ஏன் வெளியே வந்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த ஒரு விதி இல்லாத வார்டில்தான் முகக்கவசம் உள்ளேயே கழற்றப்படுகிறது.

இனி கழற்றுவது. ஆபத்து அதிகமான வேலை, களைப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வருகிறது. வெளிப்பக்கம் முழுக்க அசுத்தம், மனமோ குளியலறைக்குப் போய்விட்டது. ஜிப் மேலுள்ள ஒட்டுமடிப்பை அவசரமாக இழுத்தால் துணி கிழிந்து கை உள்ளே படும். பொதுவான வரிசை இது: ஷூ கவர், வெளிக்கையுறை, முக ஷீல்டு, பிறகு தலைமூடியில் தொடங்கிக் கவராலை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் காலடிவரை, பிறகு பின்பட்டையைப் பிடித்துக் காகிள்ஸ். என்95-ஐ வார்டுக் காற்றை விட்டு வெளியே வந்த பிறகு கடைசியாகத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். உங்கள் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் வரிசை சற்று வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

2014-இல் அமெரிக்காவின் டல்லாஸில் எபோலா நோயாளியைப் பராமரித்த இரண்டு செவிலியர்களுக்குத் தொற்று வந்தது. அதன் பின் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. ஒரு விதியைச் சேர்த்தது: பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். களைத்த மூளை தானாக நினைவுபடுத்திக்கொள்ளும் என்று நம்ப முடியாததால்தான் இந்த ஏற்பாடு. ஒரு முதுகில்லா ஸ்டூல், முழு உயரக் கண்ணாடி, வாசித்துச் சொல்ல ஓர் ஆள். இம்மூன்றும் இல்லாத இடத்தில் எந்த விலைக் கிட்டும் பாதிப் பாதுகாப்புதான்.

உடையைக் கழற்றியும் இறங்காத களைப்பு வேறு. விடுமுறை எடுத்தும் தூக்கம் வராமல், நோயாளியைப் பார்த்தாலே எரிச்சலும் மரத்துப்போன மனமுமாக இரண்டு வாரம் ஓடினால் உடையை மாற்றிப் பலனில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மதிப்பெண்: சான்றும் டேப்பும் உள்ள சாதாரண லேமினேட் கிட் பாதுகாப்புக்கு 5-க்கு 4, அணிபவரின் உடம்புக்கும் மனதுக்கும் 2. மைக்ரோபோரஸ் கிட்டுக்கு முறையே 4, 3. மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் ஐந்து மாதிரிகள் வாங்கி, செவிலியர்களோடு தூய்மைப் பணியாளர் ஒருவருக்கும் கொடுத்து நான்கு மணி நேரம் வேலை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் அதிகமாகக் குனிந்து நிமிர்பவர்கள் அவர்கள்தான், மிச்சமாகிப்போன அளவு வந்து சேருவதும் அவர்களுக்குத்தான்.