தட்டா, நடையா: இரண்டாம் வகை நீரிழிவில் எதை முதலில் தொடங்குவது?

எங்கள் தண்டையார்பேட்டையில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவுடன் பலரும் முதலில் வாங்குவது ஒரு ஜோடி ஷூவைத்தான். சோற்றைக் குறைக்கும் பேச்சு அதற்குப் பிறகே வருகிறது; சில வீடுகளில் வருவதே இல்லை. எடையும் சர்க்கரையும் சேர்ந்து கூடியிருப்பவருக்கு இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி செலவாகும். ஒரு கப் சோற்றில், அதாவது 150 கிராமில், சுமார் 200 கலோரியும் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கின்றன. ஆகவே, எடையைக் குறைப்பதில் நடையைவிடத் தட்டுக்கே கை ஓங்கியிருக்கிறது. பிரிட்டனில் 2017-இல் முடிவு வெளியான டைரக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு 850 கலோரி அளவிலான உணவில் வைக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 விழுக்காடு. இது மருத்துவக் கண்காணிப்பில் நடந்த உணவுமுறை. வீட்டில் தாமாகப் பட்டினி கிடப்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

உடற்பயிற்சியின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடுவதால்தான், வாரம் 150 நிமிடங்களைப் பிரித்து, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் செய்யச் சொல்கிறார்கள். சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 577 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்தது. நோய் வரும் அபாயம் உணவுக் கட்டுப்பாட்டால் 31 விழுக்காடும், உடற்பயிற்சியால் 46 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 42 விழுக்காடும் குறைந்தது. என் கருத்துக்கு எதிராக நிற்கும் இந்தச் சான்றை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அது நோய் வராமல் தடுப்பதற்கான கணக்கு, வந்த பின்பு இறக்குவதற்கானது அல்ல.

என் அம்மாவுக்கு வீட்டு மீட்டரில் ஒரு வாரம் பார்த்தோம். மூன்று கரண்டிச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 238. ஒரு கரண்டியைக் குறைத்து, கீரையும் இரண்டு துண்டு சங்கராவும் கூட்டிக்கொண்ட நாளில் 187. மூன்று கரண்டியும் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்த நாளில் 196. ஒருவரின் அளவை வைத்து யாருக்கும் விதி சொல்ல முடியாதுதான், ஆனாலும் அந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு அம்மாவிடம் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

தட்டைப் பற்றிப் பேசும்போது கூழைச் சொல்லாமல் விட முடியாது. அரிசிதான் குற்றவாளி, கேழ்வரகு பாதுகாப்பு என்று நம்பிக் காலையில் இரண்டு சொம்பு கூழ் குடிக்கும் பெரியவர்களை எங்கள் தெருவிலேயே காண்கிறேன். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அரைத்துக் கரைத்துக் குடிக்கும்போது அது விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஒரு சொம்போடு நிறுத்தி, பக்கத்தில் நெத்திலியோ சுண்டலோ வைத்துக்கொள்வது மேல்.

ஒல்லியாக இருப்பவருக்கு என் வரிசை பொருந்தாது. அவர் சோற்றை மேலும் மேலும் குறைத்தால் கரைவது தசையே. மாவுச்சத்தின் அளவைச் சீராக்கிப் புரதத்தைக் கூட்டுவதோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது போன்ற தசைப் பயிற்சியை அவர் முதலில் தொடங்க வேண்டும்.

நடப்பவர்களுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளைவிட மொட்டை மாடியே நல்லது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவைக் குறைத்த நாளில் நடையையும் கூட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். பாதம் மரத்திருப்பவர்கள் ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவி, கல்லோ ஆணியோ இல்லை என்று பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும்.